சிரட்டைக்குள் இருந்தவர்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று ஒரு குரல் கொடுப்பது வழக்கம். உள்ளே இருப்பவர் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொள்ளவும், விரித்த பாயைச் சுருட்டவும் அது ஒரு அவகாசம். ஆசையம்மா மட்டும் கூப்பிட மாட்டார். படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்க்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். ஒருமுறை கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, தலையில் ஒரு சுளகைக் கவிழ்த்துப் பிடித்தபடி எங்கள் படலையில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. என் கணவரின் தாயான மாமி தற்செயலாகக் கண்டு ஓடிப்போய்த் திறந்தார்.

"ஏன் தங்கச்சி, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ? ஒரு சத்தம் போட்டால் என்ன?"

"இல்லை அக்கா, நீங்கள் என்ன வேலையாய் இருக்கிறியளோ எண்டு…"

எங்களிடம் இரவல் வாங்கிய சுளகைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவர் வந்திருந்தார். அதை ஈரமாகக் கொடுக்க நேர்ந்துவிட்டதே என்று அதற்கும் வருத்தப்பட்டார்.

ஆசையம்மா என்பது அவருடைய பெயர் அல்ல. என் மாமனாரின் காலமான தம்பியின் மனைவி அவர். என் கணவர் சிறுவயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதுமில்லை, யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதுமில்லை. எங்கள் ஊரான இறுப்பிட்டியில் எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். அதில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டும் இருந்தது. ஊரே அந்தப் பொட்டால் வந்து போனது. அவர் மட்டும் ஒழுங்கையைச் சுற்றி வந்து படலையில் நிற்பார்.

நான் அனலைதீவுப் பெண். கலியாணம் முடித்து வள்ளத்தில் வந்து இறங்கியபோது, வழியெல்லாம் சத்தியெடுத்து, கூறைச் சேலையெல்லாம் உப்புத் தண்ணீர். வந்த கொஞ்ச நாளிலேயே என் கணவர் கொழும்புக் கடைக்குத் திரும்பிவிட்டார். அப்போது எங்கள் தீவுகளில் பாதி ஆண்களுக்குக் கொழும்பில் கடை, மிச்சப் பேரில் பலருக்கு மலாயாவில் உத்தியோகம். பெண்களுக்கு வீடும் கிணறும். புது வீட்டில் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. கேட்டதற்குத் தலையாட்டுவேன், அவ்வளவுதான். மாமி நல்லவர், ஆனால் சத்தமில்லாமல் அன்பு காட்டத் தெரியாதவர். "என்ன வேணும், சொல்லன் பிள்ளை, வாயைத் திறந்து சொல்லன்" என்று காதடியில் வந்து நிற்பார். புதுப் பொம்பிளையைப் பார்க்க வந்த ஊர்ப் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். "அனலைதீவில ஊமைப் பெட்டையளையோ கட்டிக் குடுக்கிறவை?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

ஆசையம்மாவும் வந்தார். குசினி வாசலில் என் பக்கத்தில் இருந்து, நான் புடைத்துக்கொண்டிருந்த அரிசியில் கல் பொறுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. "வாறன் பிள்ளை" என்று எழுந்து போனார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒருநாள் நானாகவே ஏதோ சொன்னேன். அரிசியைப் பற்றித்தான் இருக்கவேண்டும். ஊமை பேசிவிட்டாள் என்று அவர் ஆரவாரம் செய்யவில்லை. "ஓம், இந்த முறை கல்லு கூடத்தான்" என்றார். அன்றைக்கு அவர் மேல் வந்த பாசம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

அவருடைய வாழ்க்கையே காத்திருந்த வாழ்க்கைதான். கணவர் மலாயாவில் ரயில் பகுதியில் வேலை பார்த்தார். கலியாணம் முடித்த காலத்தின் பெரும்பகுதி அவர் அங்கே, இவர் இங்கே. பென்சன் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவருக்கு நெஞ்சில் நோய். இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டியையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். அங்கே தன் குவாட்டர்ஸில் மீன் வளர்த்த பெட்டி அது. வழியில் ஒரு பக்கம் வெடித்துப் போயிற்று. திருத்தி இங்கேயும் மீன் விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், அதைச் செய்யாமலே அந்த வருடத்துக்குள் கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு பெட்டி வீட்டு மூலையில் கிடந்தது. காய்ந்த பனங்கிழங்கான ஒடியலை ஆசையம்மா அதற்குள் போட்டு வைத்திருந்தார். உலகத்திலேயே வெளியே தெரியும்படி ஒடியல் வைத்திருந்த வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கிணறு இல்லாத வளவு இல்லை. குடிக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறுதான் இல்லை. எல்லாம் உவர். குறிச்சி முழுவதற்கும் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, மேற்கே குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. காலையும் மாலையும் இடுப்பில் குடத்தோடு அங்கே நடப்போம். வருடத்துக்கு ஒருமுறை ஆவணி வெயிலில் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து அதைக் கலக்கி இறைத்து, அடியில் படிந்த சேற்றை வாரி எடுப்பார்கள். என் மாமனாரான மாமாதான் அதற்குத் தலைவர். முதல் ஆளாக இறங்குவார், கடைசி ஆளாக ஏறுவார். அந்த ஒருநாள் அவருடைய குரலைக் கேட்டால் கடலையே இறைத்துவிடுவார் போலிருக்கும்.

நான் வந்த வருடம் கலக்கி இறைத்தபோது, மிஞ்சிய சேற்றுக்குள் ஒரு கெளிற்று மீன் கிடந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மாரியில் குளம் நிரம்பி வழிந்தபோது வந்து விழுந்திருக்க வேண்டும். சேற்று நிறத்தில் செதிள் இல்லாத வழுவழுப்பான உடம்பு, வாயைச் சுற்றி நீளமான மீசை, முதுகிலும் இரண்டு பக்கச் செட்டையிலும் முள். தண்ணீர் இறைக்கும் பனையோலைப் பட்டையில் அது மேலே வந்தபோது கிணற்றடியில் நின்ற எல்லாரும் சிரித்தோம். மாமா கீழேயிருந்து, "உதைத் தூக்கி எறியுங்கோ" என்றார். ஆசையம்மா தன் குடத்தை முன்னால் நீட்டினார்.

"அண்ணை, எனக்குத் தாங்கோ."

"ஏன் பிள்ளை, சொதிக்கோ? ஒரு வாய்க்கும் காணாதே!"

ஆசையம்மா மீனைக் குடத்துக்குள் வாங்கிக்கொண்டு நடந்தார். அன்று பின்னேரமே ஒடியல் சாக்குக்குப் போயிற்று. வள்ளம் கட்டுகிறவர் ஒருவர் வந்து, வள்ளத்துக்கு அடைப்பதுபோலவே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பெட்டியின் வெடிப்பை அடைத்தார். ஆசையம்மா கடற்கரை மணலை உப்புப் போகும்வரை கழுவிப் பரப்பி, ஒரு பக்கம் வாசல் மாதிரி உடைத்த தேங்காய்ச் சிரட்டையை அதன்மேல் கவிழ்த்து வைத்து, நல்ல தண்ணீர் விட்டு, கெளிற்றை உள்ளே விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியது. அடியில் வயிறு தேய்கிற மாதிரிப் போய்ச் சிரட்டைக்குள் நுழைந்தது. பிறகு வரவேயில்லை.

மலாயாப் பெட்டிக்குள் மீன் விட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஊர் திரண்டு வந்தது. வந்தவர்கள் கண்டது கொஞ்சத் தண்ணீர், கொஞ்ச மணல், ஒரு சிரட்டை.

"எங்கை மீன்?"

"உள்ள இருக்கிறார்."

"கண்ணாடியில ஒருக்காத் தட்டுங்கோவன், வரட்டும்."

"வேண்டாம். வரேக்க வருவார்."

ஆசையம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் சிரட்டை வளர்க்கிறார் என்று ஊரில் கதை பரவியது. மீனை ‘அவர்’ என்று சொல்கிறார் என்பது அதைவிடப் பெரிய கதையாயிற்று. எங்கள் பெண்கள் கணவனைத்தான் அப்படிச் சொல்வார்கள். செத்துப்போன மனிதர் மீனாக வந்து கிணற்றில் கிடந்திருக்கிறார் என்று இவர் நினைக்கிறாரோ என்று சிலர் என்னிடம் வந்து துருவினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காகத்தையும் ‘அவர்’ என்றுதான் சொல்வார். "உவர் ஒருத்தர் காலமை வந்து கத்திப்போட்டுப் போறார்" என்பார்.

மீன் வெளியே வருவதைப் பார்க்க ஒரு நேரம் இருந்தது. பொழுதுபட்டு, லாம்பைக் கொளுத்தித் திரியைக் குறைத்து வைத்ததும், நாங்கள் இருவரும் பாயைப் போட்டு முன்னால் இருப்போம். முதலில் சிரட்டை வாசலில் மீசை தெரியும். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்க்கும். பிறகு தலை. பிறகு மெல்ல முழு உடம்பும் வந்து மணலைக் கிண்டிக்கொண்டு, ஆசையம்மா போட்ட அவித்த அரிசியையும் புழுவையும் தேடித் தின்னும். மணலை விட்டு மேலே ஏறிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையே அதற்கு இல்லை. முதல் மழை விழுந்ததும் குளத்திலிருந்து சில மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து துணைக்கு விட்டார். அவை இதன் மீசையில் போய் மோதும், முதுகில் ஏறும். இது விலகி வழி கொடுக்கும். குஞ்சுகள் வளர்ந்ததும் அவற்றைக் குளத்திலேயே கொண்டுபோய் விட்டோம். அந்தச் சீவனுக்குச் சண்டை தெரியாது. கண்ணாடியின் முன்னால் இருந்துதான் நான் அந்த ஊரில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தேன். மீன் ஒரு புழுவை மீசையால் தேடிக்கொண்டிருந்தது, புழு அதன் தலைமேல் கிடந்தது.

ஆனால் அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். கிணற்றடியில் கதை தொடங்கியது. "எங்கட வாய்க்கே காணாத தண்ணி, உவவின்ரை மீனுக்குக் குளிக்கவோ?" என்றார்கள். ஆசையம்மா வாதாடவில்லை. மீனுக்கென்று ஒரு குடம் கூட அள்ளவும் இல்லை. தன்னுடைய பங்கிலேயே மிச்சம் பிடித்தார். தேத்தண்ணியை ஒரு நேரமாக்கினார். பெட்டியிலிருந்து மொண்டெடுத்த பழைய தண்ணீர் கத்தரிக்குப் போயிற்று. அந்தக் கத்தரிக்காயை எங்களுக்குக் கொண்டுவந்து, வழக்கம்போலப் படலையில் நின்றார். மாமி அதைக் கறிவைத்துச் சாப்பிட்டுக்கொண்டே மீனைத் திட்டினார்.

அந்த மாரி பொய்த்தது. அடுத்த ஆவணிக்கு நல்ல கிணற்றில் பட்டை தரையில் இடித்தது. சித்திரைக்கு என் கணவர் வந்து போயிருந்தார், எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கலக்கி இறைக்க இறங்கிய மாமா, "இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஊத்து வரும்" என்றார். சேறு முழுவதையும் வழித்தெடுத்து, கல் தெரிந்த பிறகும் விடாமல் அலவாங்கு என்ற இரும்புப் பாரையால் இடித்தார். குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. மேலே நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். மாமா கிணற்றுக்குள் நின்று பட்டாபிஷேகம் நடந்தவர் மாதிரி அண்ணாந்து பார்த்தார். மறுநாள் காலையில் மாமி அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உப்பு.

ஒருவரும் அலவாங்கைப் பற்றிப் பேசவில்லை. மாமாவின் முகத்துக்கு நேரே யார் பேசுவது? ஆனால் காரணம் ஒன்று வேண்டுமே. இரண்டு நாளில் அது கிடைத்துவிட்டது. போன வருடம் கிணற்றிலிருந்து மீனை எடுத்தோம், உடனே மாரி பொய்த்தது, தண்ணீர் வற்றியது, இப்போது உப்பாகிவிட்டது. அந்தக் கெளிறு கிணற்றுக்குக் காவலாக இருந்திருக்கிறது. அதைத் திருப்பி விடவேண்டும். சிரட்டை வளர்க்கிறார் என்று சிரித்த அதே வாய்கள்தான் இதையும் சொல்லின. மாமாவும் அதைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவருக்கும் அந்தக் கதை தேவையாக இருந்தது.

அவரும் இன்னும் இரண்டு பேரும் குடத்தோடு ஆசையம்மா வீட்டுக்குப் போனார்கள். மாமி என்னையும் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

"பிள்ளை, நீர் மீனைத் தரவேணும்" என்றார் மாமா.

ஆசையம்மா பெட்டியைப் பார்த்தார். அவருடைய கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணை, தண்ணி உப்பெண்டுதானே சொல்லுறியள். உப்புக்குள்ள விட்டால் அவர் செத்துப்போவார்."

"விட்டால்தான் தண்ணி மாறும்."

"சிரட்டையைத் தூக்க என்னால ஏலாது. நீங்கள் இருங்கோ. அவராய் வெளியில வரேக்கப் பிடிச்சுக்கொண்டு போங்கோ."

தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டில் சிரட்டையைத் தாங்களே தூக்கி மீன் பிடிக்க அவர்களுக்கு ஒரு கூச்சம். இருந்தார்கள். வெற்றிலை போட்டார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டக் கை நீட்டினார். ஆசையம்மா அவரைப் பார்த்தார், கை திரும்பிப் போயிற்று. பொழுது பட்டது, லாம்பு வந்தது. மூன்று பெரிய மனிதர்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். மீசை தெரிந்தது. "அந்தா, அந்தா!" என்று மாமா குசுகுசுத்தார். தலை வந்தது. உடம்பு வந்தது. மாமா முழங்காலில் ஊன்றிக் கண்ணாடிக்குக் கிட்டப் போனார். மீன் மணலைக் கிண்டிக்கொண்டு அவருடைய மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"மீசையைப் பார், எங்கட அப்பு மாதிரி" என்று தன் தகப்பனாரை நினைத்துச் சொன்னார் மாமா.

பிடிக்கவேண்டும் என்ற நினைப்பு வந்து ஒருவர் கையை விட்டபோது, அது மறுபடியும் சிரட்டைக்குள் போய்விட்டது. வெறுங்குடத்தோடு எழுந்து வந்தார்கள்.

மாமி அப்படி விடுகிறவர் அல்லர். மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு போய் ஆசையம்மாவின் முன்னால் நிறுத்தினார்.

"தங்கச்சி, இவள் வயித்துப் பிள்ளைக்காரி. உப்புத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு இவளின்ரை காலைப் பார். மற்றக் குறிச்சிக் கிணத்தில நாய்க்கு ஊத்திற மாதிரி அரைக்குடம் தருகினம். உமக்கு மீன் பெரிசோ, பிள்ளை பெரிசோ?"

அது நியாயமான கேள்வி அல்ல. ஆனால் மாமியின் கண்ணில் தண்ணீர் நின்றது, அது பொய்யும் அல்ல. ஆசையம்மா குனிந்து என் காலைப் பிடித்தார். பாதத்தில் பெருவிரலால் அழுத்தினார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் ஆசையம்மா, எனக்கு ஒண்டும் இல்லை" என்றேன்.

அவர் எழுந்து பெட்டியடிக்குப் போனார். யாருடைய படலையிலும் சத்தம் போட்டுக் கூப்பிடாத மனுசி, யாரையும் ஒரு கேள்வி கேட்டுத் துருவாத மனுசி, தண்ணீருக்குள் கையை விட்டு அந்தச் சிரட்டையைத் தூக்கினார். மற்றக் கையை அடியில் கொடுத்துப் பொத்தி, மீனைக் குடத்துக்குள் சரித்துவிட்டு, சிரட்டையைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார். ஒரு கணம் அவருடைய முகம் சுருங்கியது. சத்தம் ஒன்றும் வரவில்லை. நான் அழுதேன். எனக்காக ஒருவர் தன்னால் முடியாத ஒன்றைச் செய்ததை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

கிணற்றடியில் ஊர் கூடி நின்றது. ஆசையம்மா குடத்தோடு கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்து உள்ளே பார்த்தார்.

"விடும் பிள்ளை" என்றார் மாமா.

"அண்ணை, உதுக்குள்ள சேறு இல்லையே."

"நல்லாய் வழிச்செடுத்தெல்லோ விட்டனாங்கள்!"

"அப்ப இவர் எங்கை படுக்கிறது? கல்லிலயோ?"

கூட்டத்தில் ஒரு கிழவர், "ஞாயந்தானே, சேத்துக்குள்ள கிடந்த சீவன்" என்றார். மனிதருக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் ஆளுக்கொரு நியாயம் பேசுகிற ஊர், மீனுக்குப் படுக்கை வேண்டும் என்றதும் பேசாமல் ஓலைக் கடகத்தைத் தூக்கியது. குளத்தின் அடியிலிருந்து களிமண்ணை வெட்டிக் கடகம் கடகமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமாவே கீழே நின்று காலால் மிதித்துப் பரப்பினார். மேலே மணல் தூவினார்கள். எல்லாம் முடிந்தபிறகு ஆசையம்மா குடத்தைக் கயிற்றில் கட்டித் தானே இறக்கிச் சரித்தார். கிணற்றுக்குள் இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொண்டு அண்ணை. அவர் பழகிற மட்டும் ஒருதரும் பட்டை போடக்கூடாது. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமில்லை."

ஒருவரும் போடவில்லை. ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். ஐப்பசியில் மழை விழுந்து, பிறகும் பொறுத்துத்தான் முதல் பட்டை போட்டார்கள். மாமாதான் குடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பட்டையை மாமியிடம் நீட்டினார். நல்ல தண்ணீர். தைக்கு எனக்குப் பெண்குழந்தை பிறந்தது. முதல் தண்ணி வார்த்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான்.

கொழும்பிலிருந்து வந்த என் கணவர் கதையைக் கேட்டுவிட்டு, "அலவாங்கு போட்ட ஓட்டையைக் களி அடைச்சிருக்கும். அதுதான் உப்பு நிண்டிட்டுது" என்றார். "உமக்கு என்ன தெரியும், வந்திட்டார்!" என்று மாமி எரிந்து விழுந்தார். நான் ஆசையம்மாவிடம் போய், தெரிந்துதான் சேறு கேட்டீர்களா என்று கேட்டேன்.

"என்னத்தை?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அவர் படுக்கவேணுமெல்லோ பிள்ளை."

சிரட்டையைத் தூக்கியபோது முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. வீக்கம் வற்றக் கனநாள் எடுத்தது. பெட்டிக்குள் அவர் ஒடியலைத் திரும்பப் போடவில்லை. மணலும் தண்ணீரும் சிரட்டையும் அப்படியே இருந்தன. தண்ணீரை மாற்றிக்கொண்டும் இருந்தார், இப்போது அதைப் பற்றிக் கிணற்றடியில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. நான் குழந்தையோடு போய்ப் பாயில் இருப்பேன். பொழுதுபட்டதும் அவர் லாம்பைக் குறைத்து வைப்பார். இருவரும் சிரட்டையைப் பார்ப்போம். குழந்தையும் பார்க்கும். சில நாள் ஒரு பிடி சோற்றோடு கிணற்றடிக்குப் போய்ப் போட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்று வருவார். ஊர் முழுக்க மீன் உள்ளே காவல் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

"அண்டைக்குத் தண்ணி நல்ல உப்பு" என்று ஒருநாள் பாயில் இருந்தபடி சொன்னார். "அவர் செத்துப்போனார் பிள்ளை. அவரை நான்தானே தூக்கிக்கொண்டுபோய் விட்டனான்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த உள்ளங்கையில் முள் ஏறிய இடம் சின்ன மணியாக நின்றது.

அடுத்த ஆவணியும் வந்தது. இந்த முறை மாமா அலவாங்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். முழுவதும் இறைப்பதில்லை, அடியைக் கிண்டுவதில்லை, விழுந்து கிடக்கும் ஓலை குப்பைகளை மட்டும் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. ஆசையம்மா வரவில்லை. வெறும் சேற்றைப் பார்க்க அவருக்கு மனமில்லை என்று எனக்குத் தெரியும். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களோடு நின்றேன். மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஓலைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று கிணறு அதிரக் கத்திக் குளறினார்.

"ஐயோ! குத்திப்போட்டுது! என்ரை அம்மா, காலில குத்திப்போட்டுது!"

கிணற்றடியில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரே ஆரவாரம். அந்த மனிதர் வலியில் துடித்துக்கொண்டிருக்க, ஊர் கைதட்டிச் சிரித்தது. மாமியும் சிரித்தார். நான் அங்கே நிற்கவில்லை. குழந்தையோடு ஓட்டமும் நடையுமாகப் போய், ஆசையம்மாவின் படலைக்கு வெளியே நின்றே சத்தம் போட்டேன்.

"ஆசையம்மா! மாமாவுக்குக் காலில குத்திப்போட்டுது!"

அவர் கையிலிருந்த அகப்பையோடு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அகப்பையைப் போட்டுவிட்டு நடந்தார். நடந்தாரா, ஓடினாரா, எனக்குச் சொல்லத் தெரியாது. என்னால் பின்னால் போய்ச் சேரமுடியவில்லை. கிணற்றடியில் கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக் குனிந்தார். அந்த ஊரில் அதுவரை ஒருவரும் கேட்டிராத பெரிய குரலில், உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணை! அவர் இருக்கிறாரோ?"

மாமா ஒற்றைக் காலில் நின்று, கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஓம் பிள்ளை. இருக்கிறார்."